குதிரை குடிக்காத ரசமும் பதிப்புரிமையும்

பெங்களூர்க் கண்டோன்மெண்டில் கோபக்காரர்களுக்குப் பஞ்சம் இருந்ததே இல்லை. பட்டாளத்து சார்ஜெண்டுகள், மீன்கடை ஆச்சிமார்கள், ஜட்கா வண்டிக்காரர்கள் என்று எத்தனையோ பேர். ஆனால் இவர்கள் எல்லாருடைய கோபத்தையும் அள்ளி ஒரு தட்டில் வைத்து, எச்சரிக்கை ஐயாவின் கோபத்தை மட்டும் மறு தட்டில் வைத்தால், ஐயாவின் தட்டுதான் தரையில் இடிக்கும்.

அவருக்கு என்று தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருந்தது. எங்கள் தெருவில் அது யாருக்கும் நினைவில்லை. தபால்காரர்கூட வாசலில் நின்று, "எச்சரிக்கை ஐயா, கடுதாசி!" என்றுதான் கூப்பிடுவார். "எனக்குப் பேர் இல்லையாய்யா?" என்று உள்ளிருந்து ஒரு சத்தம் வரும். கடுதாசியை மட்டும் கை நீட்டி வாங்கிக்கொள்வார்.

குழந்தைகளே, அவரைப் பற்றி இன்று நான் எழுத உட்கார்ந்ததற்கு என் மூத்த பெண்தான் காரணம். போன வாரம் கடைத்தெருவில் ஒரு பாட்டுப் புஸ்தகம் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கி வந்தாள். பார்த்தால், யாரோ எழுதிய புஸ்தகத்தை வேறு யாரோ களவாக அச்சடித்தது. "இது திருட்டும்மா" என்றேன். அவள் யோசித்துவிட்டு, "இதுல என்னப்பா திருட்டு? எழுதினவர் புஸ்தகம் அவர்கிட்டயே பத்திரமா இருக்குதே!" என்றாள்.

எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த காப்பி ஆறிப்போயிற்று. ஆனால் கேள்வி நியாயமான கேள்விதான். நான் நாலாவது பாரம் வரை படித்தவன், வக்கீல் அல்ல. அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோர்க்கிற வேலை எனக்கு. காப்பிரைட் என்கிற பதிப்புரிமையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஐயாவுக்குப் பின்னால் கோர்ட்டு பெஞ்சியில் உட்கார்ந்து தெரிந்துகொண்டதுதான். அதைச் சொல்கிறேன்.

ஐயா பட்டாளத்து ஸ்டோரில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். நம் கண்டோன்மெண்டு சங்கதி உங்களுக்குத் தெரியும். துரைவீட்டு பட்லர் ஒருவர் காலையில் எழுந்தால் துரையிடம் இங்கிலீஷ், பால்காரரிடம் கன்னடம், வளையல்காரரிடம் தெலுங்கு, ஜட்காக்காரரிடம் துலுக்கர் பேசுகிற தக்னி, வீட்டுக்கு வந்தால் தமிழ். இத்தனைக்கும் ஒரே நாக்கு. அந்த நாக்குக்கு உதவியாக ஐயா ஒரு புஸ்தகம் எழுதினார். ஒவ்வொரு வாக்கியமும் பக்கத்தில் குறுக்கே ஐந்து பாஷைகளில் இருக்கும்.

அதை அவர் வீட்டில் உட்கார்ந்து எழுதவில்லை. பிளாக்பள்ளி மார்க்கெட்டில் பட்லர்களின் முதுகுக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்டார். பங்களாக்களின் சமையல்கட்டு வாசலில் நின்று நாயிடம் கடி வாங்கினார். அந்த நாயை எந்தப் பாஷையில் அதட்டினால் விடும் என்பதுகூடப் புஸ்தகத்தில் வந்தது. பல வருஷம் இப்படி அலைந்தார்.

வாக்கியம் மனசில் தங்க வேண்டும் என்றால் அது விசித்திரமாக இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அதற்காகத் தன் வீட்டு சமாசாரங்களையே எடுத்துக் கோத்துவிட்டார். "எங்கள் கிளி விருந்தாளிகளைத் திருடன் என்று கூப்பிடுகிறது." "என் மைத்துனன் வந்தான். என் குடையைக் காணோம்." இப்படி.

கையெழுத்துப் பிரதி எங்கள் அச்சுக்கூடத்துக்கு வந்தது. நான் கோர்த்துக்கொண்டே போகையில் ஒரு பக்கத்தில் கை நின்றுவிட்டது. "என் பெண்சாதி வைக்கும் ரசத்தைக் குதிரைகூடக் குடிக்காது."

"ஐயா, இத எந்த பட்லர் எந்த துரைகிட்டப் போய்ச் சொல்லப் போறாரு?" என்றேன்.

"யோவ், அதுல குதிரை இருக்குது, பெண்சாதி இருக்குது, சாப்பாடு இருக்குது. ஒரே வாக்கியத்துல ஒரு குடும்பமே வருது. நீ பேசாம கோரு." பிறகு சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எங்க வீட்டம்மாவுக்கு எழுத்து வாசனை கிடையாது."

பின்னட்டையில் என்ன போட வேண்டும் என்று அவரே எழுதிக்கொண்டு வந்தார். அதனால்தான் அவருக்கு அந்தப் பெயர் வந்தது. "எச்சரிக்கை! இப்புஸ்தகத்தை என் அனுமதியின்றி அச்சிடுகிறவன், அச்சிடத் தூண்டுகிறவன், அச்சிட்டதை விற்கிறவன், விற்பதைப் பார்த்தும் சும்மா இருக்கிறவன் ஆகிய அனைவரும் கோர்ட்டுக்கு இழுக்கப்படுவார்கள். கோர்ட்டில் தப்பினாலும் அவர்கள் வீட்டில் அடுப்பு எரியாது. எரிந்தாலும் சோறு வேகாது. வெந்தாலும் தொண்டையில் இறங்காது."

புஸ்தகம் வெளிவந்தது. பட்லர்களும் ஆயாக்களும் வாங்கினார்கள். அன்று முதல் ஐயாவுக்கு நிம்மதி போயிற்று.

ஒரு நாள் மார்க்கெட்டில் ஓர் ஆயா கத்தரிக்காய்க்காரியிடம், "நேத்து குடுத்த விலைக்கே குடும்மா, நாளைக்கும் உன்கிட்டயே வருவேன்" என்றாள். பின்னால் நின்ற ஐயா பாய்ந்தார்.

"நிறுத்து! அது என் வாக்கியம்!"

ஆயா திரும்பிப் பார்த்தாள். "இன்னாய்யா இது, பேஜாரு! நான் வாயத் தொறந்தா உனக்கு வரி கட்டணுமா? காசு குடுத்துப் புஸ்தகம் வாங்கினது பேசறதுக்கா, பூஜை பண்றதுக்கா?"

கத்தரிக்காய்க்காரியும் ஆயாவோடு சேர்ந்துகொண்டாள். ஐயா நேராக வக்கீலிடம் போனார்.

பூட்ஸ் கடைக்கு மேலே ஓர் அறையில் அந்த வக்கீல் இருந்தார். அப்போதுதான் பரீட்சை பாஸ் பண்ணிவிட்டுப் பலகை மாட்டியிருந்த இளைஞர். ஐயாவின் பேரன் வயசு இருக்கும். வேறு கட்சிக்காரர் யாரும் இல்லாததால் ஐயாவைச் சகித்துக்கொண்டார்.

"ஐயா, பேசறதுக்குத்தானே நீங்க எழுதினது? அந்தம்மா பேசட்டும். உங்க புஸ்தகத்தப் பாத்துப் பிரதி எடுத்து அச்சடிச்சு வித்தாத்தான் குத்தம்" என்றார் வக்கீல்.

அடுத்த மாதம் மாதாகோயில் உபதேசியார் ஒருவர் தானும் ஒரு பாஷைப் புஸ்தகம் எழுதுகிறார் என்று கேள்விப்பட்டு ஐயா மறுபடி மாடி ஏறினார். "யோசனை என்னுது!"

"யோசனை யாருக்கும் சொந்தமில்லீங்க. தோசை சுடலாம்னு உங்களுக்குத் தோணுச்சுன்னா ஊர்ல வேற யாரும் தோசை சுடக்கூடாதா? உங்க கல்லுல நீங்க சுட்ட தோசைதான் உங்களுது. அவரு சொந்தமா மாவு அரைக்கட்டும்."

ஒரு பத்திரிகையில் ஐயாவின் புஸ்தகத்தைப் பற்றி அபிப்பிராயம் எழுதியிருந்தார்கள். அதில் நாலு வாக்கியங்களை எடுத்துக் காட்டியிருந்தார்கள். மறுபடி மாடி.

"விமரிசனம் எழுதறவன் கொஞ்சம் எடுத்துக்காட்டலாம், சட்டமே விடுது" என்று தலையில் கை வைத்துக்கொண்டார் வக்கீல். "அதுவும் உங்களைப் புகழ்ந்துதானே எழுதியிருக்கான்!"

"சரி போகட்டும். இந்த உரிமைய எந்த ஆபீசுல ரிஜிஸ்தர் பண்ணணும்? சீல் எங்க குத்துவாங்க?"

"ஒண்ணும் வேணாம். இப்ப இருக்கிற சட்டப்படி, நீங்க எழுதி முடிச்சப்பவே உரிமை வந்துட்டுது."

ஐயாவின் முகம் விழுந்துவிட்டது. சர்க்கார் ஆபீசில் காலம் தள்ளியவர் அல்லவா? "ஒரு சீல்கூட இல்லாம வர்றதெல்லாம் ஒரு உரிமையா! எத்தினி நாளைக்கு இருக்கும் அது?"

"உங்க ஆயுசு பூரா. அதுக்கப்புறம் ஐம்பது வருஷம் உங்க வாரிசுக்கு. அப்புறம் எல்லாருக்கும் பொது."

இதைக் கேட்டு அவர் போட்ட சத்தத்தில் கீழே பூட்ஸ் கடைக்காரர் மேலே ஓடி வந்தார். "பொதுவா? என் வீட்ட ஐம்பது வருஷம் கழிச்சு தெருவுல போறவனுக்கெல்லாம் தொறந்து விடுவாங்களா?"

"வீட்ட ஒருத்தன் எடுத்தா உங்களுக்கு இல்ல. புஸ்தகம் அப்படியா? ஐயா, நீங்க இந்த வார்த்தைங்கள எங்கேர்ந்து எடுத்தீங்க? மார்க்கெட்டுலேர்ந்து. ஊர்கிட்ட வாங்கித்தானே எழுதினீங்க? உங்க உழைப்புக்கு உங்க காலமும் உங்க பிள்ளைங்க காலமும் பலன் கிடைக்கட்டும். அப்புறம் ஊருக்கே போய்ச் சேரட்டுமே."

ஐயா விடுவிடுவென்று மாடி இறங்கிப் போனார். அவருக்கு அது பிடிக்கவே இல்லை.

இப்படிப் புலி வருது, புலி வருது என்று அவர் கத்திக்கொண்டிருந்த நாளில் நிஜமாகவே புலி வந்தது. பிளாக்பள்ளியில் ஒரு புஸ்தகக் கடைக்காரர் இருந்தார். நெற்றியில் ரூபாய் அகலத்துக்குச் சந்தனம் இட்டுக்கொள்வதால் அவரைச் சந்தனப்பொட்டு என்பார்கள். அந்தக் கடையில் புதிதாக ஒரு பாஷைப் புஸ்தகம் தொங்கியது. அட்டை வேறு, பெயர் வேறு. ஆசிரியர் என்று சந்தனப்பொட்டின் பெயர். விலை பாதி. வாங்கிப் பிரித்தேன். என் கையால் நான் கோர்த்த வாக்கியங்கள் முதலிலிருந்து கடைசி வரை அப்படியே வரிசையாக நின்றன.

ஓடிப்போய் ஐயாவிடம் கொடுத்தேன். அவர் கத்துவார் என்று காதைத் தயார் பண்ணிக்கொண்டேன். அவர் கத்தவில்லை. பக்கம் பக்கமாகத் திருப்பினார். பின்னட்டைக்கு வந்தார். அங்கே எச்சரிக்கையும் இருந்தது. அடுப்பு எரியாது, சோறு வேகாது, தொண்டையில் இறங்காது, எல்லாம். அதற்குக் கீழே சந்தனப்பொட்டின் கையொப்பம்.

"என் சாபத்தக்கூடத் திருடிட்டான்யா" என்றார். அந்தக் குரல் எனக்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது.

கடைக்குப் போனோம். சந்தனப்பொட்டு எழுந்துகூட நிற்கவில்லை. "வாங்க ஐயா. உங்க புஸ்தகத்துல ஒண்ண நான் காசு குடுத்து வாங்கினேன். அது என் பொருள். என் பொருள நான் என்ன வேணா பண்ணுவேன். உங்களுது உங்ககிட்ட இருக்குதே, நான் என்ன எடுத்துக்கினேன்?"

பார்த்தீர்களா? என் பெண் கேட்ட அதே கேள்வி. அவள் அறியாமல் கேட்டாள். இந்த மனுஷரோ அறிந்தே கேட்டார்.

புஸ்தகத்தை வாங்கினால் காகிதமும் அட்டையும் உங்களுடையது. படிக்கலாம், இரவல் கொடுக்கலாம், பழசாக விற்கலாம். அதைப் போல இன்னொன்று செய்து விற்கும் உரிமையை எழுதினவர் எழுத்து மூலமாகக் கொடுத்தால்தான் உண்டு. இது என்ன பெரிய வேதாந்தமா? ஆனால் எங்கள் தெருவில் பெரிய மனுஷர்கள்கூட, "போனாப் போவுது ஐயா, உங்க புஸ்தகம் இன்னும் நாலு பேருக்குப் போய்ச் சேர்ந்துதுன்னு நெனச்சுக்குங்க" என்றார்கள். ஒருவர் வீட்டு முருங்கைக்காயை அடுத்த வீட்டுக்காரன் பறித்தால் பஞ்சாயத்து கூட்டுகிறவர்கள் இவர்கள்! நாயிடம் கடிபட்டு எழுதினவனுக்கு மட்டும் தத்துவம் சொல்ல வந்துவிட்டார்கள். எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஐயா அப்போது பெண்களுக்கு என்று இரண்டாம் பாகம் ஒன்று எழுத ஆரம்பித்திருந்தார். ஆயாக்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அதை மூடி வைத்துவிட்டார். "எதுக்கு எழுதணும்? நான் அலைஞ்சு எழுதி முடிக்கட்டும்னு அவன் கடையில காத்துக்கினு ஒக்காந்திருக்கான்." புஸ்தகம் அவரிடமே இருந்தது, வாஸ்தவம். அடுத்த புஸ்தகம் எழுதுகிற கைதான் போயிற்று. சட்டம் காப்பது அந்தக் கையை என்று அன்றுதான் எனக்கு விளங்கிற்று.

வக்கீல் இந்தத் தடவை தாமே ஐயாவின் வீட்டுக்கு வந்தார். "ஐயா, இத்தினி நாளா வராத கேசு இப்பத்தான் வந்திருக்குது. எழுந்திரிங்க" என்றார்.

வழக்கு கண்டோன்மெண்டு ஜட்ஜுதுரை முன்னால் வந்தது. கோர்ட்டுக்குப் புறப்படும்போது ஐயாவின் மனைவி ரத்தினம்மாளும் ஜட்காவில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"நீ எதுக்கு?" என்றார் ஐயா. அவர் முகம் வெளுத்துவிட்டது.

"என் புருஷன் புஸ்தகம் ஜெயிக்கிறத நான் பாக்க வேணாமா? வண்டிய ஓட்டுப்பா."

கோர்ட்டு வராந்தாவில் ஐயா வக்கீலைத் தனியே இழுத்துக்கொண்டு போனார். "தம்பி, வேற எந்தப் பக்கத்த வேணா காட்டு. அந்த ரசப் பக்கத்த மட்டும் திருப்பாதே. நான் வீட்டுக்குப் போவணும்."

சந்தனப்பொட்டின் வக்கீல் கெட்டிக்காரர். "தண்ணீர் கொண்டு வா, கதவைச் சாத்து, என்ன விலை. இதையெல்லாம் இந்தப் பெரியவர்தான் கண்டுபிடித்தாரா? ஊர் வார்த்தை. யார் எழுதினாலும் இப்படித்தான் வரும்" என்றார். துரை ஆமோதித்துத் தலையை ஆட்டினார்.

எங்கள் வக்கீல் எழுந்து, வார்த்தை பொதுதான், ஆனால் எந்த வாக்கியம், எந்த வரிசை என்று பொறுக்கி அமைத்தது இவருடையது என்றார். கிளி வாக்கியத்தைக் காட்டினார். "கிளி வளர்ப்பது என் கட்சிக்காரர்."

"நானும் வளக்கறேன் துரை!" என்று சந்தனப்பொட்டு ஒரு கூண்டைத் தூக்கி மேஜைமேல் வைத்துத் துணியை விலக்கினார். முதல் நாள் சந்தையில் வாங்கிய கிளி. அதற்கு ஒரு பாஷையும் தெரியவில்லை. பேசச் சொல்லி அவர் விரலை நீட்டினார்; அது விரலைப் பிடித்துக்கொண்டது. ஐந்து பாஷைப் பண்டிதராக வந்த சந்தனப்பொட்டு அப்போது எந்தப் பாஷையிலும் சேராத ஒரு சத்தம் போட்டார்.

கூண்டை வெளியே கொண்டுபோகும் சந்தடியில் துரை தாமாகவே புஸ்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் நின்றார். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இங்கிலீஷில் உரக்கப் படித்தார். பிறகு, மற்றப் பாஷைகளிலும் இதுதானா எழுதியிருக்கிறது என்று மொழிபெயர்ப்பாளரைக் கேட்டார்.

மொழிபெயர்ப்பாளர் எழுந்து நின்று கணீரென்று தமிழில் வாசித்தார். "என் பெண்சாதி வைக்கும் ரசத்தைக் குதிரைகூடக் குடிக்காது." பிறகு கன்னடத்தில், "குதுரெனூ குடியல்லா." தெலுங்கில், "குர்ரம்கூடா தாகது." தக்னியில், "கோடாபி நை பீத்தா." ஒவ்வொரு பாஷைக்கும் கோர்ட்டில் ஒரு பகுதி சிரித்தது. தமிழில் சிரிக்காதவன் தெலுங்கில் சிரித்தான். ஐயா மட்டும் பெஞ்சிக்குள் கரைந்துகொண்டே போனார். நான் ரத்தினம்மாளைத் திரும்பிப் பார்க்கவில்லை, தைரியம் இல்லை.

"இதுவும் உன் வாக்கியமா?" என்று துரை சந்தனப்பொட்டைக் கேட்டார்.

சந்தனப்பொட்டு விரலை ஊதிக்கொண்டே, "ஆமாங்க துரை. என் பெண்சாதி வைக்கிற ரசமும் அப்படித்தாங்க" என்றார்.

"எந்தக் குதிரை?"

குரல் பின்னாலிருந்து வந்தது. ரத்தினம்மாள் எழுந்து நின்றுகொண்டிருந்தார். சேவகன் உட்காரச் சொன்னான். அவர் அவனை ஒரு பார்வை பார்த்தார், அவன்தான் உட்கார்ந்தான்.

"அந்த ஆளக் கேளுங்க சாமி. எந்தக் குதிரை குடிக்கல?"

சந்தனப்பொட்டு விழித்தார். "குதிரைன்னா... பொதுவா குதிரைதான்."

"பொதுவாவா? என் ரசத்தக் குடிக்காத குதிரை, நாங்க வந்த வண்டியில, இந்தக் கோர்ட்டு வாசல்ல கட்டியிருக்குது! அன்னிக்கு உப்பு கொஞ்சம் கூடிப்போச்சு. இந்த மனுஷன் அதத் தூக்கிக்கினு போய் ஜட்காக் குதிரை வாளியில ஊத்தினாரு. தெருவே பாத்துச்சு. நான் படிக்காதவ, இவரு என்னத்த எழுதினாருன்னு எனக்குத் தெரியாது. ஆனா இது என் வீட்டு வாசல்ல நடந்தது. என் ரசத்தக் கொற சொல்ல என் புருஷனுக்குத்தான் பாத்தியதை இருக்குது. அவரு சொல்லட்டும், அப்புறம் நான் அவரப் பாத்துக்கறேன். கண்ட கடைக்காரன் அத அச்சடிச்சு விக்க இவன் யாரு?"

ஜட்காக்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் தலைப்பாகையை அவிழ்த்துக் கட்டிக்கொண்டு சொன்னார். "சச் பாத் சாப், நெசந்தான். வாளிய மோந்து பாத்துச்சு. மூஞ்சியத் திருப்பிக்கிச்சு. அப்புறம் ரொம்ப நாள் அந்தத் தெருவுக்குள்ளயே வராம மொரண்டு பண்ணுச்சு."

எங்கள் வக்கீல் ஒரு வார்த்தையும் சேர்க்காமல் உட்கார்ந்தார். அவர் கெட்டிக்காரர் என்று அன்றுதான் தெரிந்தது. நாட்டில் நடந்த எதுவும் யாருக்கும் சொந்தமில்லை; ஆனால் அதை வாக்கியமாக்கினவன் ஒருவன் இருக்கிறான், அவனைப் பார்த்து எழுதினவன் இன்னொருவன் இருக்கிறான். யார் எவர் என்பது துரைக்கு விளங்கிவிட்டது. சந்தனப்பொட்டு இனி அச்சடிக்கக் கூடாது, விற்காமல் இருக்கிற பிரதிகள் எல்லாம் ஐயாவைச் சேர்ந்தவை என்று தீர்ப்பாயிற்று.

அந்தப் பிரதிகள் அதே ஜட்காவில் அதே குதிரை இழுக்க வந்து இறங்கின. ஐயா ஒன்றைக்கூட விற்கவில்லை. "திருட்டுக் காகிதத்துல என் வாக்கியம் நிக்கக்கூடாது" என்றார். ரத்தினம்மாள் பலகாலம் அவற்றைக் கிழித்து அடுப்பு மூட்டினார். பின்னட்டையில் போட்ட சாபம் சந்தனப்பொட்டின் வீட்டில் பலித்ததோ என்னவோ, எழுதினவர் வீட்டு அடுப்பு நன்றாக எரிந்தது.

பெண்களுக்கான பாகமும் வெளிவந்தது. நான்தான் கோர்த்தேன். அதில் முதல் வாக்கியம் ரத்தினம்மாள் சொல்லச் சொல்ல ஐயா எழுதினது: "என் புருஷனுக்குக் கோபம் வந்தால் ஐந்து பாஷையும் போதாது." அந்த வாக்கியம் யாருக்குச் சொந்தம் என்று இருவருக்கும் சண்டை. வக்கீல் அந்தக் கேஸை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை.

ஐயா காலமாகிச் சில வருஷம் ஆகிறது. ஐம்பது வருஷக் கணக்கு ஓட ஆரம்பித்துவிட்டது. அது முடியும்போது நான் இருக்க மாட்டேன், நீங்கள் இருப்பீர்கள். அப்போது அந்தப் புஸ்தகம் ஊருக்குச் சொந்தம். தாராளமாக அச்சடியுங்கள். அவர் பெயரை மட்டும் அட்டையில் போட்டுவிடுங்கள். உயிரோடு இருக்கும்போதுதான் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிடவில்லை. ரச வாக்கியத்தையும் எடுத்துவிடாதீர்கள். அந்த அம்மாள் கையால் நானும் பல தடவை சாப்பிட்டிருக்கிறேன். குதிரையின் அபிப்பிராயம் சரிதான்.

ஆனால் அந்தக் கேசுக்கு அப்புறம், ஐயா ஒரு நாளும் ரச டம்ளரில் ஒரு சொட்டு மிச்சம் வைத்து நான் பார்த்ததில்லை.